கவுனியும் அத்தோவும்

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, தைவானில் ஆராய்ச்சி படிக்கும் நண்பன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். ஆலங்குடிக்காரன். படத்தில் ஒரு கிண்ணம். பழுப்பு நிறத்தில் கெட்டியான சூப், அதற்குள் மெல்லிய அரிசி நூடுல்ஸ், மேலே பாதி முட்டை, கொத்தமல்லி, நொறுக்கிப் போட்ட பருப்பு வடை மாதிரி ஏதோ ஒன்று. கீழே ஒரு வரி: "டேய், இது நம்மூரு பர்மா கடை சூப்புதானே?"

தைவான் சாப்பாடு என்று அவன் அதுவரை அனுப்பியதெல்லாம் வேறு மாதிரி இருக்கும். மாட்டிறைச்சி நூடுல்ஸ், சோயாவில் வெந்த பன்றிக்கறி ஊற்றிய சோறு. இது தைபேக்குப் பக்கத்தில் ஜோங்ஹே என்ற பகுதியில், ஹுவாசின் தெருவில் ஒரு சின்னக் கடை. நாலு மேசை, சுவரோரம் ஸ்டூல், தெருக்காரர்கள் காலையில் வந்து டீ குடித்துவிட்டுப் பேப்பர் படிக்கிற மாதிரியான இடம். பெயர்ப்பலகையில் சீன எழுத்துக்குக் கீழே ஜிலேபி ஜிலேபியாக இன்னொரு எழுத்து. பர்மிய எழுத்து.

படத்தை அப்பாயியிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"மொய்ங்கா" என்றார். அப்புறம், "வாழத்தண்டு போட்டிருக்காளான்னு கேளு."

அப்பாயி ரங்கூனில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் கப்பலேறி வந்தவர். எங்கள் வீட்டில் இது எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டோம். அந்தக் கிண்ணத்தில் இருந்துதான் இந்தக் கட்டுரை ஆரம்பிக்கிறது. ஆனால் முதலில் புதுக்கோட்டை மாவட்டத்தில் கிடைக்கும் இரண்டு சாப்பாடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

*

முதலாவது கவுனி அரிசி. செட்டிநாடு என்றவுடன் காரைக்குடியைத்தான் நினைக்கிறோம். நகரத்தார் ஊர்களில் கணிசமானவை இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கின்றன. ராயவரம், கடியாபட்டி, பனையப்பட்டி, குழிபிறை, விராச்சிலை, அரிமளம், மேலைச்சிவபுரி என்று பட்டியல் நீளும். ராயவரத்தில் ஒரு நண்பன் வீட்டுக் கல்யாணத்தில்தான் நான் முதலில் கவுனி சாப்பிட்டேன். கறுப்பு அரிசியை முந்தின ராத்திரியே ஊறப்போட்டு, தண்ணீர் நாவல்பழ நிறத்துக்கு மாறிய பிறகு குழைய வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்ப் பூவும் நெய்யும் போட்டுக் கிளறுகிறார்கள். இலையில் அதற்கென்று ஒரு இடம் உண்டு. பரிமாறிய ஆச்சி பெருமையாகச் சொன்னார்: "இது எங்க பழைய பலகாரம் தம்பி. ரங்கூன்ல இருந்து வந்த அரிசி."

பழையது, ரங்கூனில் இருந்து வந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். அதில் அவருக்கு எந்த முரணும் தெரியவில்லை. இலையில் உட்கார்ந்திருந்த எனக்கும்தான்.

இரண்டாவது அத்தோ. தமிழ்நாட்டின் பல நகரங்களில் சாயங்காலத்தில் தள்ளுவண்டிகளில் கிடைக்கும். பட்டையான மஞ்சள் நூடுல்ஸ், நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், வறுத்த கடலை மாவு. எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் போட்டுக் கையால் பிசைந்து தட்டில் வைப்பார்கள். பக்கத்தில் வாழைத்தண்டு சூப். வண்டியில் 'பர்மா உணவு' என்று எழுதியிருக்கும். இதை யாரும் பழைய பலகாரம் என்று சொல்வதில்லை. 'பர்மா கடை', அவ்வளவுதான்.

இரண்டும் ஒரே நாட்டில் இருந்து வந்தவை. ஒன்று நம் மரபு, இன்னொன்று வெளிநாட்டுச் சாப்பாடு. இது எப்படி ஆனது?

*

1852-இல் இரண்டாம் ஆங்கிலேய-பர்மியப் போருக்குப் பிறகு கீழ் பர்மா பிரிட்டிஷ் கைக்கு வந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவின் அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. சதுப்புக் காட்டை வெட்டி வயலாக்க விவசாயிக்குப் பணம் வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் அவனுக்குக் கடன் கொடுக்கவில்லை. கொடுத்தவர்கள் நகரத்தார்கள். 1930 வாக்கில் பர்மாவில் 1,600-க்கும் மேற்பட்ட செட்டியார் கடைகள் இருந்தன. கடை என்றால் வட்டிக்கடை.

முதலாளி ஊரில் இருப்பார். ஏஜெண்டு கடல் தாண்டிப் போவார். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். மூன்று வருஷக் கணக்கு. முடிந்தால் ஊர் திரும்பலாம். பெரும்பாலும் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிப் போவதில்லை. ரங்கூனின் முகல் தெருவில் கிட்டங்கிகளில் ஆண்கள் கூட்டமாகத் தங்கி, சமையலுக்கு ஆள் வைத்துச் சாப்பிட்டார்கள். திரும்பும்போது தேக்கும் மரவைகளும் கப்பலில் வந்தன. மரவை என்பது அரக்குப் பூசிய பர்மியப் பாத்திரம். இன்றைக்கும் கடியாபட்டிப் பக்கம் பெரிய வீடுகளில் நிற்கும் தேக்குத் தூண்களைக் கட்டிப்பிடித்தால் இரண்டு கையும் சேராது.

கவுனியும் அப்படித்தான் வந்தது என்று நகரத்தார் குடும்பங்கள் சொல்கின்றன. பர்மாவில் காலை உணவுகளில் ஒன்று, ஆவியில் வெந்த ஒட்டரிசி. கறுப்பிலும் உண்டு, வெள்ளையிலும் உண்டு. மேலே துருவிய தேங்காயும் உப்புப் போட்ட எள்ளுப்பொடியும் தூவுவார்கள். ஒட்டரிசிக்கு பர்மியப் பெயர் 'கௌ-ஞின்'. கவுனி என்ற சொல்லை அதன் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள். எள்ளும் உப்பும் போய், சர்க்கரையும் நெய்யும் வந்தன. ரங்கூன் தெருவோரக் காலைப் பலகாரம் ராயவரத்துக் கல்யாணப் பந்தியில் ஏறிவிட்டது. இப்போது கருப்புக் கவுனியை 'மன்னர்கள் மட்டுமே உண்ட பாரம்பரியத் தமிழ் அரிசி' என்று பாக்கெட்டில் போட்டு விற்கிறார்கள். சீன அரண்மனையின் 'தடைசெய்யப்பட்ட அரிசி' கதை நம்மூர் வேஷ்டி கட்டி வந்திருக்கிறது.

இந்த இனிப்பின் அடியில் ஒரு கசப்பு இருக்கிறது. 1930-இல் கீழ் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 6 சதவீதம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. விவசாயியால் கடனைக் கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலம் கடைக்காரர் கைக்குப் போனது. 1938-இல் அது 25 சதவீதம். செட்டியார்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போனவர்கள் இல்லை. அவர்களுக்கு வேண்டியது பணம், பணம் போன இடத்தில் மண்தான் மிஞ்சியது. ஆனால் தாத்தா வெட்டிய வயலில் பேரன் குத்தகைக்காரனாக நிற்கும்போது அவனிடம் இந்த விளக்கத்தைச் சொல்ல முடியாது. பர்மிய தேசியவாதம் வளர்ந்த வயல்களில் இதுவும் ஒன்று.

*

செட்டியார் கணக்குப் புத்தகத்தோடு போனார். கப்பலின் மேல்தளத்தில் வெயிலிலும் மழையிலும் கிடந்து போனவர்கள் வேறு. அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர்கள், துறைமுகக் கூலிகள், டெல்டா வயல்களில் அறுப்புக்குப் போனவர்கள், துணி வெளுத்தவர்கள், முடி வெட்டியவர்கள், டீக்கடை வைத்தவர்கள். 1931 கணக்கெடுப்பில் ரங்கூனின் மக்கள்தொகை ஏறத்தாழ 4 லட்சம். அதில் பாதிக்கும் மேல் இந்தியர்கள். ஒரு நாட்டின் தலைநகரில் அந்த நாட்டுக்காரர்களே சிறுபான்மை.

1941 டிசம்பர் 23-இல் ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. நாலைந்து லட்சம் இந்தியர்கள் ஓடினார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம். மற்றவர்கள் அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் பல்லாயிரம். ரங்கூனில் பத்திரிகை நடத்திய வெ. சாமிநாத சர்மா அப்படி நடந்து வந்ததைப் புத்தகமாக எழுதியிருக்கிறார். 'பராசக்தி' படத்தின் கதை ரங்கூனில் ஆரம்பிப்பதும் இதனால்தான். 1952-இல் படம் பார்க்க உட்கார்ந்த ஜனங்களுக்கு அது பழைய சரித்திரம் இல்லை, பத்து வருஷத்துக்கு முந்தைய சங்கதி.

அப்பாயியின் அப்பா நடக்கவில்லை. அங்கேயே பதுங்கிப் பிழைத்தார். மில்லில் மூட்டை தூக்கியவர், யுத்தம் முடிந்த பிறகு ஒரு மளிகைக்கடை போட்டார். 1962 மார்ச் 2-இல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு 'மக்கள் கடை' என்று எண் போட்ட பலகை மாட்டினார்கள். அதே மே மாதம் 17-ஆம் தேதி, 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. பணமதிப்பு நீக்கம் என்ற சொல்லை நாமெல்லாம் 2016-இல் கற்றுக்கொண்டோம். அப்பாயி பதினோரு வயதில் கற்றுக்கொண்டிருக்கிறார்.

1960-களில் ஏறத்தாழ 3 லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் மட்டும் 1.44 லட்சம் பேர். கையில் எடுத்து வர அனுமதித்தது மிகக் கொஞ்சம். "தோட்டக் கழட்டி வாங்கிட்டாங்க. காதுல வேப்பங்குச்சியச் சொருகிக்கிட்டு வந்தேன்" என்பார் அப்பாயி. அதற்கு மேல் சொல்ல மாட்டார்.

வந்தவர்களுக்காகப் பல ஊர்களில் பர்மா காலனிகள் எழுந்தன. சென்னை கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே 1969-இல் பர்மா பஜார் வந்தது. சிலருக்கு இங்கே ஒட்டவில்லை. பர்மாவுக்கே திரும்பப் போகலாம் என்று மணிப்பூர் வரை போய், எல்லையைத் தாண்ட முடியாமல் மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே இன்றைக்கும் ஒரு அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது.

அப்பாயி குடும்பம் அறந்தாங்கிப் பக்கம் சொந்த ஊருக்கே வந்தது. சொந்த ஊர் என்பது அவருடைய தாத்தா சொல்லக் கேட்ட பெயர். அங்கே யாருக்கும் இவர்களைத் தெரியவில்லை. பர்மாவில் 'கலா'. இந்தியரை, அந்நியரை அங்கே ஏளனமாகச் சொல்லும் சொல் அது. இங்கே 'பர்மாக்காரங்க'. அப்பாயி பள்ளிக்கூடம் போகவில்லை. தமிழ் பேசத் தெரியும், எழுதத் தெரியாது. பர்மிய எழுத்துத்தான் தெரியும். அது அறந்தாங்கியில் யாருக்கு வேண்டும்?

*

அவருடைய அப்பா ஊரில் அத்தோ போட்டு விற்றுப் பார்த்தார். ஒரே வாரம்தான். "புழு மாதிரி இருக்குன்னு சிரிச்சாங்க" என்பார் அப்பாயி. அப்புறம் கூலி வேலைக்குப் போய்விட்டார். நூடுல்ஸ் வாங்க மெட்ராஸுக்குத்தான் போகணும். அதனால் அவருடைய அம்மா இடியாப்பத்தைப் பிழிந்து ஆறவைத்து, அதில் அத்தோ பிசைந்தார். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இன்றைக்கும் அதுதான்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எட்டாவது படிக்கும்போது ஒருநாள் அம்மா அதை டிபன் பாக்ஸில் வைத்து அனுப்பிவிட்டார். பூண்டு எண்ணெய் வாசம் வகுப்பு முழுக்க. "என்னடா இது?" என்றவனிடம் "வெஜிடபிள் இடியாப்பம்" என்றேன். பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியைக் குழாயடியில் கொட்டினேன். கவுனியாக இருந்திருந்தால் பெயரைச் சொல்லியிருப்பேன்.

பெயரைச் சொல்லத் தெரிந்துகொள்ளவே எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. பர்மிய மொழியில் 'தோக்' என்றால் கலப்பது, பிசைவது. 'அ-தோக்' என்றால் பிசைந்தது. கடைசி ஒலி தொண்டையிலேயே நின்றுவிடும். தமிழ்க் காதுக்கு அது அத்தோ. 'லெ' என்றால் கை. கையால் பிசைவது 'லெ-தோக்'. அதனால்தான் அத்தோக்காரர் கரண்டி எடுப்பதில்லை. மேலே நொறுக்கிப் போடும் மொறுமொறு சங்கதி பேஜோ. 'பெ' பருப்பு, 'ஜோ' பொரித்தது. பருப்பு வடையின் பர்மியத் தம்பி.

அத்தோவைச் சேர்த்துப் பிடிப்பது வறுத்த கடலை மாவு. அது இல்லாவிட்டால் புளித்தண்ணீர் தட்டில் ஓடும். மொய்ங்கா சூப் கெட்டியாவதும் அதனால்தான். பர்மிய மொழியில் கொண்டைக்கடலைக்குப் பெயர் 'கலாபெ'. கலா பருப்பு, அதாவது இந்தியப் பருப்பு. மனிதர்களைத் துரத்தும்போது எந்தச் சொல்லைச் சொல்லித் துரத்தினார்களோ, அந்தச் சொல் அவர்கள் காலைச் சாப்பாட்டில் கரைந்து கிடக்கிறது. அதை வழித்தெடுக்க யாராலும் முடியவில்லை.

*

இனி ஹுவாசின் தெரு. அங்கே பர்மியக் கடை எப்படி வந்தது?

நே வின் அரசு எடுத்துக்கொண்டது இந்தியர்களின் கடைகளை மட்டும் இல்லை. ரங்கூன் சீனர்களின் கடைகளையும்தான். 1967 ஜூனில் ரங்கூனில் சீனர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. அதற்கு அடுத்த ஆண்டுகளில் பர்மியச் சீனர்கள் பலர் தைவானுக்குப் போனார்கள். ஜோங்ஹேயில் வாடகை குறைவு, தொழிற்சாலை வேலை கிடைத்தது. ஒருவர் பின் ஒருவராக அந்தத் தெருவில் சேர்ந்தார்கள். அங்கே இன்றைக்குக் கிடைப்பவை மொய்ங்கா, பாலூற்றிய டீ, பேஜோ, அப்புறம் 'பலாடா'. பலாடா என்றால் பரோட்டா. இந்தியர்கள் பர்மாவுக்குக் கொண்டுபோனதைச் சீனர்கள் தைவானுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். தைவான்காரர்கள் அந்த இடத்தை 'மியன்மார் தெரு' என்கிறார்கள். நம் 'பர்மா கடை' மாதிரியே.

அதே தைவானில் மாட்டிறைச்சி நூடுல்ஸ் சூப்பை என்னவென்று சொல்கிறார்கள்? தேசிய உணவு. 2005-இல் இருந்து தைபே நகரம் அதற்கு விழாவே நடத்துகிறது. ஆனால் தைவான் விவசாயக் குடும்பங்களில் பழைய தலைமுறை மாட்டிறைச்சி தொடாது. ஏர் உழுத மாட்டைத் தின்பதா என்ற எண்ணம். 1949-இல் சீன உள்நாட்டுப் போரில் தோற்ற சியாங் கை-ஷேக்கின் அரசோடு பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தத் தீவுக்கு வந்தார்கள். அவர்களில் ஓய்வுபெற்ற சிப்பாய்கள், சிச்சுவான் மிளகாய் விழுதைப் போட்டுச் செய்ததே அந்த சூப் என்கிறார்கள். அமெரிக்க உதவியில் கோதுமை வந்து குவிந்தது. அதுவும் அகதிகளின் சாப்பாடுதான். ஊர் நினைப்பில் வெந்ததுதான். ஆனால் அந்த அகதிகளோடு ஒரு அரசாங்கமும் கூடவே வந்தது.

எனக்கு விடை இங்கேதான் கிடைத்தது. சாப்பாடு பழையதா புதியதா என்பது அதன் வயதைப் பொறுத்ததில்லை. இறங்கியபோது அதற்குப் போய்ச் சேர ஒரு வீடு இருந்ததா என்பதைப் பொறுத்தது. கவுனிக்குத் தேக்குத் தூண் வைத்த வீடு இருந்தது, பந்தி இருந்தது, பரிமாற ஆச்சி இருந்தார். அது உள்ளே போய் மரபாகிவிட்டது. அத்தோவுக்கு ஒரு முகாமும் அப்புறம் ஒரு தள்ளுவண்டியும்தான் இருந்தன. வெளியே நின்றதால் அது வெளியூர்ச் சாப்பாடாகவே நின்றுவிட்டது. கவுனியை இலையில் இருந்து எடுக்கச் சொல்லவில்லை. எனக்கும் அது பிடிக்கும். இரண்டும் ஒரே துறைமுகத்தில் இருந்து கப்பலேறியவை என்பதை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த அரிசி விளைந்த வயல் யாருடையது என்பதையும்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பன் அந்தக் கடையில் இருந்து வீடியோவில் அழைத்தான். கடைக்காரம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். அவனுக்குச் சீனமும் அரைகுறை. "எங்க பாட்டி ஒருத்தங்க ரங்கூன்" என்று எப்படியோ சொல்லிப் போனை அவர் கையில் கொடுத்துவிட்டான்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அப்பாயி மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கேட்டார்: "சா பீபி லா?"

சாப்பிட்டாச்சா?

அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் மடமடவென்று பேச ஆரம்பித்தார். அப்பாயிக்குப் பாதி புரியவில்லை. "மெல்ல, மெல்ல" என்று தமிழில் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு பர்மிய மொழிக்கு மாறினார். ஒருவர் அறந்தாங்கிப் பக்கத்துத் தமிழச்சி, இன்னொருவர் தைபேயில் வாழும் சீனப் பெண். இருவரையும் துரத்திய நாட்டின் மொழியில் பத்து நிமிஷம் பேசினார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"எந்தத் தெருன்னு கேட்டா. சொன்னேன். அவளுக்குத் தெரியல." கொஞ்ச நேரம் கழித்து, "வாழத்தண்டு போட்டிருக்காளாம். மீனும் போட்டிருக்கா. மீன் போட்டாத்தான்டா மொய்ங்கா."

நம்மூர் பர்மா கடை சூப்பில் மீன் இருப்பதில்லையே என்றேன். சைவக்காரர்களுக்காக விட்டிருப்பார்கள் என்று நானாக நினைத்திருந்தேன்.

"மத்தவங்க ஏன் விட்டாங்களோ தெரியாது. எங்க ஆத்தா விட்டது காசு இல்லாம. வாழத்தண்டு சும்மா கெடைச்சுச்சு."

அன்றைக்கு மீன் மார்க்கெட்டுக்குப் போய் அரைக் கிலோ கெளுத்தி வாங்கி வந்தேன். அப்பாயி சமையல்கட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அம்மாவுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். கடலை மாவைக் கருகாமல் வறுக்க வேண்டும், மீனை வேகவைத்து முள்ளெடுத்து உதிர்க்க வேண்டும், பூண்டு பொன்னிறத்துக்கு மேல் போகக்கூடாது. முதல் கிண்ணத்தை அவரிடம் கொடுத்தோம். ஒரு வாய் வைத்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"என்ன அப்பாயி, சரியா வந்திருக்கா?"

"உப்பு பத்தல" என்றார். கிண்ணத்தைக் காலி செய்த பிறகு.